துளசிங்கம் போட்ட தளம்

அந்தக் கடலோரக் குப்பத்தில் தளம் போட்ட வீடு துளசிங்கத்தினுடையது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஓலைக் குடிசை. ராத்திரிக்குள் புயல் கரையேறும் என்று ரேடியோ சொன்னதும், ஜனம் மொத்தமும் மூட்டை முடிச்சோடு அவன் வாசலில் வந்து நின்றது.

"உள்ள யாரும் போவாதீங்க. இப்பவே படகு எடுத்தா ஏரியத் தாண்டி பழவேற்காட்டுக்குப் போயிடலாம். அங்க யாவாரி ஷுக்கூர் பாய் சரக்கு வெக்கிற கல்லுக் கிட்டங்கியத் தொறந்து வுட்டுக்கிறாரு" என்று துளசிங்கம் கெஞ்சினான்.

"இன்னா துளசிங்கம், நாங்க கால வெச்சா உன் வூடு தேஞ்சிபூடுமா?" என்றாள் முனியம்மாள். இடுப்பில் கைக்குழந்தை.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இடி விழுந்தாலும் அசையாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் இவன்தானே!

அவன் வீடு கட்டியது, பர்மிட் இருந்தால்தான் சிமெண்ட் கிடைக்கும் என்றிருந்த காலம். பொன்னேரிக்கு நடையாய் நடந்து வாங்கிய மூட்டைகளை, பெண்டாட்டி கோவிந்தம்மாவின் தம்பி சின்னதம்பி படகில் ஏற்றிவந்தான். அவன் நண்டு ஏற்றுகிறவன். வெயிலில் சாக்கு காய்ந்தால் நண்டு செத்துவிடும். அதனால் ஏரித் தண்ணீரை அள்ளி அள்ளித் தெளிப்பது அவன் கைக்கு ஊறிப்போன பழக்கம். சிமெண்ட் மூட்டைக்கும் வழியெல்லாம் தெளித்துக்கொண்டே வந்திருக்கிறான், மகராசன். பிரித்துப் பார்த்தால் மூட்டை மூட்டையாய்க் கல்.

"இது செத்த சிமெண்ட்டுண்ணே. தளத்துக்கு ஆவாது" என்றார் கொத்தனார் வரதன்.

மறுபடி பர்மிட் என்றால் ஒரு வருஷம் ஆகும். கள்ளச் சந்தையில் வாங்கவோ வழியில்லை. பெரிய வலையை விற்றுத்தான் கம்பியே வாங்கியிருந்தான். புத்தி கெட்டுப்போய்க் கட்டிகளை உலக்கையால் இடித்து, இறால் வலையில் சலித்து, அதையே போடச் சொன்னான். தளத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்த பலகையைப் பிரித்த நாளிலிருந்து கோவிந்தம்மா சோற்றில் விழும் தூளை ஊதி ஊதித்தான் பரிமாறுகிறாள். வெளியே மூச்சு விடவில்லை.

இப்போது துளசிங்கம் எல்லாவற்றையும் வாய்விட்டுக் கத்தினான்.

"ஆமாம்பா, நாந்தான் தண்ணி தெளிச்சேன்" என்றான் சின்னதம்பி.

"மாமனும் மச்சானும் பேசிவெச்சிக்கினு நாடகமா ஆடுறீங்க? எடம் குடுக்க மனசு இல்லன்னா நேரா சொல்லு!" முனியம்மாள் அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போய்க் குழந்தையைத் தரையில் கிடத்தினாள்.

வாடைக்காற்று ஏறிவிட்டது. ஏரியில் படகுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளின. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அக்கரை போக முடியாது. துளசிங்கம் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான்.

"யோவ்! இன்னா பண்ற? நமக்கு இருக்கறது இது ஒண்ணுதான்யா!" கோவிந்தம்மா ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

அலறல் கேட்டு முனியம்மாள் குழந்தையோடு வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்த்தாள். துளசிங்கம் கடப்பாரையை ஓங்கினான். அந்த நொடியிலும் பாழும் மனசு கேட்கவில்லை. கடப்பாரை தெறித்து எகிற வேண்டும், வரதன் சொன்னது பொய்யாகப் போகவேண்டும், ஊர் தன்னைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே குத்தினான்.

சத்தமே வரவில்லை. கீழே நின்றவர்கள் கண்ணெதிரே, ஈர மணலில் இறங்குவது போலக் கடப்பாரை பாதிக்கு மேல் இறங்கியது. பிடுங்கினான். ஓட்டைக்குக் கீழே அவனுடைய அடுப்பும் சோற்றுப்பானையும் தெரிந்தன.

முனியம்மாள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு படகைப் பார்த்து ஓடினாள். ஜனம் அவள் பின்னால் ஓடியது. துளசிங்கம் தளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

கோவிந்தம்மா மட்டும் ஏணிக்காலை விடவில்லை.

"எறங்கி வாய்யா, படகு போயிடும்" என்றாள் அழுதுகொண்டே.