பதினேழாம் டோக்கன்

கோவில்பட்டியில் லிங்கராஜ் அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆலையில், சாயங்காலம் பேர் வாசிக்கும் வழக்கத்தை ஒழித்தவன் நான். இதைவிடப் பெரிய சாதனை என்னால் ஆகும் என்று என் மனைவிகூட நம்பவில்லை.

டோக்கன்கள் ஒன்று முதல் நாற்பது வரை. வெளியே வருகிறவர்கள் பித்தளை டோக்கனைப் பெட்டியில் போட, மேற்பார்வை பார்க்கும் சுகுணாக்கா எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டுவார். எல்லா எண்களையும் கூட்டினால் எண்ணூற்று இருபது. வந்தவர்களின் எண்களைக் கழித்தால், மிச்சம் நிற்பது உள்ளே இருப்பவரின் எண். நான் எழுதிய புரோகிராம் மூன்றே வரி.

முதல் நாள், எல்லாரும் வந்த பிறகும் திரையில் 17 நின்றது.

"அது செண்பகவல்லி நம்பரு தம்பி," என்றார் சுகுணாக்கா. "போன வருசம் தீயில போயிட்டா. செத்தவ நம்பர இங்கன யாருக்கும் குடுக்க மாட்டோம்."

பதினேழைக் கழித்துவிட்டால் சரியாகிவிடும். அண்ணாச்சி விடவில்லை. "இருக்கட்டும்வே. உள்ள இருக்கான்னுதான சொல்லுது."

அன்றுமுதல் 17 வந்ததும் சுகுணாக்கா கதவுக்குள் தலையை நீட்டி, "ஏட்டி செண்பகம், போயிட்டு வாரோம்" என்பார். பிறகுதான் பூட்டு.

ஒரு சனிக்கிழமை 23 வந்தது.

இருபத்துமூன்று விஜி. என் பக்கத்தில் நின்று கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தவள் மெல்லுவதை நிறுத்தினாள். "நான் இங்கனதான நிக்கேன். அப்ப உள்ள இருக்கது யாரு?"

"இவரு கம்ப்யூட்டருக்குக் கிறுக்கு பிடிச்சிட்டு," என்று சுகுணாக்கா கதவைப் பூட்டினார். கழுகுமலைப் பக்கம் போகும் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. இனித் திங்கட்கிழமைதான் திறப்பார்கள்.

செண்பகவல்லியோடு இன்னொருத்தியும் உள்ளே இருந்தால், திரையில் வருவது இரண்டு பேரின் கூட்டுத்தொகை. இருபத்துமூன்றில் பதினேழு போனால்...

"ஆறு யாருக்கா?"

"பூங்கொடி. புதுசா வந்த பிள்ள."

பூட்டைத் திறந்து ஓடினோம். தீக்குச்சி மருந்து கலக்கும் அறையில், நெடி தாக்கிச் சுருண்டு கிடந்தாள். தூக்கிவந்து தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தாள். மூடியிருந்த கையையும் திறந்தாள். இரண்டு டோக்கன்கள். ஒன்று ஆறு. இன்னொன்று கருகிப்போன பதினேழு.

"இதையும் சேத்துப் போட்டுருன்னு ஒரு அக்கா குடுத்தாவ," என்றாள். "தூங்காத, இப்ப வந்துருவாவன்னு பேசிக்கிட்டே இருந்தாவ."

சுகுணாக்கா ஆறைத் தட்டினார். திரையில் 17. பதினேழையும் தட்டினார்.

0.

பிழை இருக்கும் என்று மூன்று வரியையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் ஆயுளில் முதல்முறையாக நான் எழுதியதில் பிழையே இல்லை.

சுகுணாக்கா பழக்கத்தில் கதவுக்குள் தலையை நீட்டினார். உடனே இழுத்துக்கொண்டு பூட்டினார். வேனில், தன் பக்கத்து இருக்கையில் யாரையும் உட்காரவிடவில்லை.