கடல் வற்றும்போது கிளம்பும் வீடு

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு எதுவுமே ஆச்சரியமில்லை. கண் முன்னால் ஒரு வீடு எழுந்து கடலுக்குள் போனாலும், "திரும்ப எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டுவிட்டுக் கையிலிருக்கும் போனைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். எங்கள் காலத்தில் இப்படி ஒன்று நடந்திருந்தால் நாலு பேராவது மயங்கி விழுந்திருப்பார்கள். என் மகளின் வீடு கடலுக்குப் போய்வர ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகிறது. இதுவரை ஒருத்தரும் விழவில்லை.

நடந்தது ஒரு மறதியால்தான். எங்கள் ஊர்க் குடாவில் மீன் அற்றுப்போன வருஷம் அவள் பதினோரு பெண்களைச் சேர்த்துக்கொண்டு கடற்பாசி வளர்க்கக் கிளம்பினாள். நீளக் கயிற்றில் சாணுக்கு ஒரு நாற்றாகக் கட்டி, மிதவை போட்டு, நங்கூரம் இறக்கினால் நாற்பத்தைந்து நாளில் அறுப்புக்கு வரும். நாற்று வெயில் பட்டால் வெளுத்துவிடும் என்பதால் வீட்டுக்குள் நிழலில் உட்கார்ந்துதான் கட்டுவார்கள். கயிறு தொய்யாமல் இருக்க ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் முடிந்துகொள்வார்கள். வேலை முடிந்ததும் அவிழ்க்க வேண்டும். அன்றைக்கு அவள் அவிழ்க்கவில்லை. மறு நுனியைத் தோணியில் கொண்டுபோனவர்கள் நடுக்குடாவில் நங்கூரம் இறக்கிவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டே திரும்பினார்கள். பன்னிரண்டு பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. பேசுகிற வாய்க்குக் கண் கிடையாது.

பாசி வளர்ந்தது. நாற்பதாம் நாள் காலை, தினமும்போல நீர் உள்வாங்கிக் கடல் வற்றத் தொடங்கியதும் அது வீட்டையும் இழுத்துக்கொண்டு போனது. சத்தமில்லை, சுவரில் விரிசலில்லை. மருமகன் அப்போது சவரம் செய்துகொண்டிருந்தார். அவர் கன்னத்தில்கூட ஒரு கீறல் விழவில்லை. கடல் ஏறும்போது வீடு திரும்பி வந்து, அஸ்திவாரத்தில் ஒரு விரற்கடை பிசகாமல் உட்கார்ந்தது. அதிலிருந்து தினமும் அப்படித்தான். குழாய் ரிப்பேர்க்காரர் நீளமான ரப்பர் குழாய் மாட்டிக் கொடுத்தார். வீடு நேற்றுப் பத்து மணிக்குப் போனதென்றால் இன்று பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் போகும் என்று தபால்காரர் மனப்பாடம் பண்ணிக்கொண்டார். நகராட்சியிலிருந்து அளக்க வந்தவர் காலி அஸ்திவாரத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு, 'வீடு உண்டு. இடம் நேரத்தைப் பொறுத்தது' என்று எழுதி முத்திரை குத்திவிட்டுப் போனார்.

எரிச்சல்பட்டவன் என் மகன் ஒருத்தன்தான். குடாவில் மிஞ்சியிருந்த கடைசி விசைப்படகு அவனுடையது. இழுவை வலை போட்டு அடிமண்வரை வழித்ததால்தான் மீன் ஒழிந்தது என்பாள் அக்கா. வீடு நடுவழியில் வந்து நிற்பதால்தான் வலை இழுக்க முடியவில்லை என்பான் தம்பி. படகை விற்பதா, கயிற்றை அறுப்பதா என்று ஆகிவிட்டது. அறுத்தால் வீடு திரும்பாது, நீரோட்டம் கொண்டுபோன திசைக்குப் போய்விடும். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் கத்தியைத் தீட்டிக் கொடுத்தேன். படகு என்றால் எனக்குப் புரியும். பாசி என்ன, முளைக்கும், அழுகும்.

ஒரு முற்பகலில் அவன் படகைக் குடாவில் நின்ற வீட்டின் கம்பியில்லாத சமையலறை ஜன்னலோடு ஒட்டி நிறுத்தினான். நானும் கூட இருந்தேன்.

"அக்கா, மாமாவைக் கூட்டிக்கிட்டுப் படகுல ஏறு. கயித்தை அறுக்கப் போறேன்."

"தாராளமா அறு. அதுக்கு முன்னாடி இந்த நாலு வெங்காயத்தை நறுக்கிக் குடு. என் கத்தி மழுங்கிப் போச்சு."

"விளையாடாதே!"

"யாருடா விளையாடறது? அப்பாவுக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறேன். என்னைப் பார்க்காத மாதிரி பார்க்கிறாரே, அவரையும் உள்ளே வரச் சொல்லு."

நான் போகவில்லை. அவன் ஜன்னல் வழியாக ஏறிப் போனான், நான் படகிலிருந்தே எட்டிப் பார்த்தேன். அவள் தரைக்கல் ஒன்றைத் தூக்கி ஓரமாக வைத்தாள். கீழே தண்ணீர். பாசி கூந்தல் மாதிரி அடர்ந்து தொங்கியது. அதற்குள்ளே கண்ணாடி ஊசிகள் போல மீன்குஞ்சுகள், எண்ணி மாளாது. எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி அவனைப் பார்த்தன. துள்ளுகிற மீனையும் செத்த மீனையும் அவன் ஆயுசு பூராவும் பார்த்திருக்கிறான். சும்மா நின்று தன்னைப் பார்க்கிற மீனைப் பார்த்ததில்லை.

"பெருசாக எத்தனை நாளாகும்?" என்றான்.

"நீ மண்ணை வழிக்காம இருந்தா பத்து மாசம்."

"பத்து மாசம் நான் என்னத்தைத் திங்கிறது? பாசியையா?"

"அறுத்த பாசியைக் கரைக்குக் கொண்டுபோகப் படகு இல்லாமத்தான் நாங்க தவிக்கிறோம். படகோட ஆளையும் சேர்த்து வேலைக்கு எடுத்துக்கறேன். வெங்காயத்தை நறுக்குடா."

நறுக்கினான். வெங்காயம் நறுக்கினால் யாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

படகு பாசி ஏற்றியது. பதினோராம் மாதம் அவன் குடாவின் வாயில் தூண்டில் போட்டான், மீன் வந்தது. தூக்கிப் பார்த்தேன், கனம் சரியாகத்தான் இருந்தது. மறு வருஷம் சிப்பிக் கயிறுகளும் தொங்கவிட்டார்கள். தண்ணீர் தெளிந்து, நங்கூரம் மேலிருந்தே தெரிந்தது. பூட்டிக்கிடந்த ஐஸ் கம்பெனியைத் திறந்தார்கள். பிழைப்புத் தேடி வெளியூர் போனவர்கள் பெட்டியோடு திரும்பினார்கள். வீட்டின் நிழலில் மீன் நன்றாக முட்டையிடுகிறது என்று ஆளாளுக்கு ஜன்னலில் கயிறு முடிந்தார்கள். இப்போது கடல் வற்றினால் பதினாறு வீடுகள் கிளம்புகின்றன. தெருவில் படிக்கட்டுகளும் இரண்டு நாய்களும் மட்டும் இருக்கும்.

இன்று காலை நாங்கள் குடியிருக்கும் வீட்டிலும் மகன் கயிறு முடிந்துவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தரை லேசாக அசைந்ததும் நான் வெளியே இறங்கிவிட்டேன்.

"உள்ளே வாங்க மாமா, கிளம்பியாச்சு," என்றாள் மருமகள்.

"மீன் வந்தது நிஜம். வீட்டாலதான் வந்துச்சுன்னு எவன் கண்டான்?"

"யாரும் காண வேண்டாம். சாயங்காலம் வந்துடுவோம். சோத்தையாவது வாங்கிக்குங்க."

ஜன்னல் வழியாகத் தூக்குப்பாத்திரத்தை நீட்டினாள். எட்டி வாங்குவதற்குள் வீடு நகர்ந்து கடலுக்குள் இறங்கிவிட்டது. முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கித்தான் வாங்கினேன். மற்ற வீடுகளோடு சேர்ந்து அது வரிசையாய்ப் போனது. நிலத்தில் நிற்காததை வீடு என்று நான் சொல்ல மாட்டேன். வேட்டியைப் பிழிந்துவிட்டு, மேட்டுப்பக்கம் பார்த்து நடந்தேன்.