செங்கல்பட்டு டாக்டரம்மா

பிள்ளையார்பாளையம் நமச்சிவாய முதலியார் வீட்டில் மருமகள் மாமனார் எதிரில் நின்று பேசுவது வழக்கமில்லை. டாக்டருக்குப் படித்த கலாவதி வந்த பிறகும் அது மாறவில்லை. மாற வேண்டும் என்று அவளும் கேட்கவில்லை.

அவள் ஊர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த இரண்டாம் மாதம் முதலியாருக்கு நீர் அடைத்துக்கொண்டது. முந்தின மாலையிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. மனைவி காமாட்சியம்மாள் ரிக்‌ஷாவில் கூட்டி வந்தபோது அடிவயிறு கல்லாக இருந்தது.

மற்ற டாக்டர்கள் எல்லாரும் வாலாஜாபாத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்குப் போயிருந்தார்கள். இருந்தவள் கலாவதி ஒருத்திதான்.

கட்டிலைச் சுற்றித் திரை கட்டி, வார்டு ஆள் கோதண்டபாணியை ரப்பர் குழாய் விடச் சொன்னாள். அவர் இரண்டு முறை முயன்றுவிட்டு வெளியே வந்தார்.

“உள்ள போவ மாட்டேங்குதும்மா. நீங்கதான் வரணும்.”

திரைக்குள்ளிருந்து முதலியாரின் குரல் கேட்டது. “காமாட்சி, பெரிய டாக்டர் வரட்டும்னு சொல்லு.”

“அவரு வர சாயங்காலம் ஆவுமாம்.”

“ஆவட்டும். இந்தப் பொண்ணு தொட்டப்புறம் அது போடற சோத்துக்கு எந்த மூஞ்சியோட உக்கார்றது?”

சாயங்காலம்வரை விட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகும் என்று கலாவதிக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மாமனாரை என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

அவள் ஆபரேஷன் அறைக்குப் போனாள். தொப்பிக்குள் கூந்தலைத் திணித்து, கண்வரை முகமூடி கட்டி, கணுக்கால்வரை கவுன் போட்டுக்கொண்டாள். கோதண்டபாணியின் காதில் ஏதோ சொன்னாள்.

“முதலியாரே, செங்கல்பட்டுலேர்ந்து ஒரு டாக்டரம்மா வந்துக்கிறாங்க.”

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

“எப்ப வந்தாங்க?”

“இப்பத்தான்.”

“நம்ம ஜனங்களா?”

“இல்லீங்க.”

“அப்ப வரச் சொல்லு.”

கவுனுக்குக் கீழே தெரிந்த புடவைக் கரை முதலியாரே தம் தறியில் நெய்தது. அதை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். கலாவதி முனை வளைந்த குழாயை எடுத்து, அவசரப்படாமல் செலுத்தினாள். பேசின் நிரம்பி, இன்னொன்று கொண்டுவர வேண்டியிருந்தது.

“குழாய் மூணு நாள் அப்படியே இருக்கணுமாம்,” என்றார் கோதண்டபாணி.

முதலியார் மூச்சை நன்றாக விட்டார். “மூணு நாளும் இந்த அம்மாவே வருவாங்களா?”

“வருவாங்க.”

“கை நல்ல பதமான கை. காமாட்சி, நாளைக்கு இவங்க வரும்போது நம்ம வீட்டுப் பொண்ணையும் பக்கத்துல நிக்கச் சொல்லு. பாத்துக் கத்துக்கட்டும்.”

காமாட்சியம்மாள் முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களைப் பார்த்தாள்.

“சொல்றேங்க,” என்றாள்.