உறைக்குள் உறை

மெத்தைக் கடையின் பின்கட்டில் வேலை பார்த்த தையல்காரர், சாப்பிட உட்காருமுன் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவுவார். கழுவிய கையை முகர்ந்து பார்த்து, முகம் சுளித்து, நான்காம் முறையும் கழுவுவார். "ரேகையெல்லாம் அழிஞ்சிடப் போகுது அண்ணே!" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

ஒத்துவராத மெத்தையை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரலாம் என்று கடை வாசலில் பலகை தொங்கியது. திரும்பி வருபவற்றில் வேர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, சொல்லக் கூசும் கறைகள் எல்லாம் இருக்கும். அவற்றின் மேல் சென்ட் தெளித்து, பழைய உறையைக் கழற்றாமலே புது உறை போட்டுத் தைப்பதுதான் அவர் வேலை. மறுநாள் அது புது மெத்தையாகி முன்கட்டில் நிற்கும்.

அன்று பேருந்து ஓட்டும் பெண்மணி ஒருவர், பத்து வயது மகளோடு மெத்தையைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"ரொம்ப மெத்துனு இருக்குங்க. காலையில எந்திரிச்சா இடுப்பு விட்டுப் போகுது. கெட்டியா வேற மாத்திக் குடுங்க."

முதலாளி மெத்தையைப் புரட்டினார். நடுவில் மஞ்சளாக ஒரு வட்டம்.

"ஒத்துக்கலைன்னா மாத்தித் தரலாம்மா. மூத்திரம் பேஞ்சு கொண்டாந்தா எப்படி? யாரு, இந்த மகாராணி வேலையா?"

நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தாய்க்கு அவமானத்தில் முகம் சிவந்தது.

"ஏண்டி, என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நான் இல்லம்மா, சத்தியமா இல்ல!"

"பொய் வேறயா?" தாய் கையை ஓங்கினார்.

தையல்காரர் பின்கட்டு வாசலில் நின்று அந்த மஞ்சள் வட்டத்தைப் பார்த்தார். போன மாதம் அவரே மூடித் தைத்த கறை அது. படுத்தவர்களின் உடற்சூட்டில் கசிந்து மேலேறியிருக்கிறது. அந்த நாற்றத்தைவிட, கல்லாய் நின்ற தம்மையே அவருக்குச் சகிக்கவில்லை.

கத்தரிக்கோலோடு வந்து ஓரத் தையலை விறுவிறுவென்று பிரித்தார். உள்ளே பழைய உறை. மேலே வெளிறிய மஞ்சளாகத் தெரிந்த கறை, அங்கே காய்ந்த பழுப்பாய் அடையடையாக அப்பியிருந்தது. சிரித்தவர்களில் ஒருவர், தாம் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த மெத்தையிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"உனக்கென்ன கிறுக்கா?" என்று முதலாளி சீறினார்.

"இது அவங்க வீட்டுக் கறை இல்லீங்க. நாம வித்தது."

"அப்ப நீயும் இதோட கிளம்பு!"

"மாத்திக் குடுத்துட்டுக் கிளம்புறேன்."

அத்தனை பேர் பார்க்க, முதலாளியால் தடுக்க முடியவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்து இன்னும் கட்டுப் பிரிக்காத கெட்டி மெத்தை ஒன்றைத் தையல்காரர் தாமே சுமந்து, அவர்கள் வந்த வண்டியில் ஏற்றினார். பிறகு சிறுமியின் முன் குந்தி உட்கார்ந்தார்.

"நீ பொய் சொல்லல பாப்பா. அந்த அசிங்கத்தை மூடித் தச்சது நான்தான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புது மெத்தையைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

அவர் வண்டியில் ஏறி, ஒரு பக்கத் தையலை முழுவதும் பிரித்து, உள்ளே இருப்பதை அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் காட்டினார். அவள் குனிந்து முகர்ந்து, சரியென்று தலையசைத்தாள். பிறகு அவர் தம் சட்டைப்பையிலிருந்து ஊசியை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து தைக்கத் தொடங்கினார்.