அரிப்புக்கு எத்தனை மார்க்?

என் வீட்டுக்காரர் ஓட்டல் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவர். குழாயில் தண்ணீரே வராவிட்டாலும் "ஒரு குறையும் இல்லைங்க" என்று சிரிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அந்தப் பாழாய்ப்போன பழக்கம் உடம்பு விஷயத்திலும் ஒட்டிக்கொண்டது. கழுத்து, முழங்கை மடிப்பு, உள்ளங்கை எல்லாம் எக்ஸிமா என்கிற தோல்நோய் வெடித்து நீர் வடியும். யாராவது கேட்டால் லேசான ஊறல் என்பார். அவருடைய படுக்கை விரிப்பைத் துவைக்கிற எனக்கல்லவா தெரியும் அந்த லேசு.

எக்ஸிமாவுக்குப் புதிய ஊசி மருந்து ஒன்றைச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நான்தான் அவர் பெயரைக் கொடுத்தேன். நோய் நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால்தான் சேர்ப்பார்களாம். இவருக்குக் கிடைக்காமல் யாருக்குக் கிடைக்கும் என்று நிம்மதியாக இருந்தேன். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பெரிய டாக்டர் முன்னால் அலங்கோலமாகப் போய் நிற்கலாமா என்று, சோதனைக்கு முன் தொடவே கூடாது என்று அவர்கள் சொல்லியிருந்த களிம்பை வாரம் முழுக்க எனக்குத் தெரியாமல் அப்பிக்கொண்டு போனார். விருந்தாளி வருமுன் அறையைத் துடைத்து வைக்கிற புத்தி. அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று நர்ஸ் கேட்டபோது, அந்தப் பெண் மனம் நோகக் கூடாதென்று இரண்டு போடச் சொன்னாராம். லேசான நோய் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேரே போய் நர்ஸிடம் களிம்புக் கதையைப் போட்டு உடைத்தேன். களிம்பை நிறுத்திவிட்டு இன்னொரு முறை வரலாம், அதுதான் கடைசி வாய்ப்பு என்றார்.

அந்தக் கடைசி முறை நானே பேசிவிடுவது என்று தயாராகப் போனேன். அதிலும் மண் விழுந்தது. அரிப்பை நோயாளிதான் தன் வாயால் சொல்ல வேண்டுமாம், பெண்டாட்டி சொல் செல்லாதாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் வாய் எனக்கு, அரிப்பு அவருக்கு.

உள்ளே போகுமுன் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "பாப்பா பொறந்து அஞ்சு மாசமாச்சு. கையில துண்டு சுத்தாம ஒரு தடவையாவது தூக்கியிருக்கீங்களா?"

அவர் உள்ளே போனார். நான் கதவோரம் நின்றேன். நர்ஸ் கேள்வி கேட்டார்.

"பத்து, சிஸ்டர்," என்றார். "என் கை பட்டா பாப்பா அழுதுடுது. பெத்த பிள்ளைய எனக்குத் தூக்க முடியல."

அவர் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. என் கண்ணும் நிறைந்துவிட்டது. ஆனால் திறந்த வாயை அவருக்கு மூடத் தெரியவில்லை. தூக்கமில்லை என்றார். மேனேஜர் தன்னைச் சரக்கறைக்கு மாற்றப் பார்க்கிறான் என்றார். என் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்கிறது என்றார். என் சமையலில் உப்பே இருப்பதில்லை என்றும் சொன்னார். அரிப்பைப் பற்றி மட்டும் சொன்னால் போதும் என்று நர்ஸ்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

சேர்த்துக்கொண்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சிலருக்கு வெறும் தண்ணீரைத்தான் போடுவார்களாம்; ஊசிக்குள் இருப்பது எது என்பது டாக்டருக்கே தெரியாதாம். தெரிந்தே சம்மதித்து, முதல் ஊசியையும் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்த்து மிரண்டார்.

"ரொம்பப் பேசிட்டேனோ?"

"உப்போட நிறுத்திட்டீங்களே," என்றேன். "மிச்சத்தையும் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே வாங்க."