பஞ்சாலை ஸ்கோர்

ஷங்கர் அம்மாவின் தலையணையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி வைத்தான். அப்போதும் மூச்சு சீராகவில்லை. இதயம் களைத்துவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்று ஆஸ்பத்திரியில் காலையிலேயே சொல்லிவிட்டார்கள்.

கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற தங்கையைப் பார்க்க அவனுக்கு எரிச்சலாக வந்தது. ரோகினி கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சி செய்கிறவள். அம்மாவை மம்பாவ் ஊரில் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டது லோரி ஓட்டும் அவன்தான்.

"நாப்பது கட்டுரை எளுதியிருக்க. அம்மாவுக்கு ஒரு வளி சொல்லத் தெரியலியா?"

"இது வேற நோய்ண்ணே." ரோகினி அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டாள்.

ரப்பர் தோட்டத்தில் ரோகினியை 'ஊசி போடாத டாக்டரு' என்று கேலி செய்தபோதெல்லாம் சண்டைக்குப் போனவள் அம்மா பஞ்சாலை. அப்பா விட்டுவிட்டுப் போன பிறகு பால்மரம் வெட்டி, களைக்கு மருந்தடித்து, இரண்டு பேரையும் ஆளாக்கியவள்.

திரைக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒருத்தியைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். புஷ்பவள்ளியாம். பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள். சில நாளாகக் காய்ச்சல். கெண்டைக்காலைத் தொட்டதுமே அலறினாள். இளம் மலாய் டாக்டர் ஒருத்தி அவள் கண்ணை இழுத்துப் பார்த்தாள், வேலையிடத்தில் எலி உண்டா என்று கேட்டாள். பிறகு தாதியிடம் உரக்கச் சொன்னாள்.

"பஞ்சலாய் ஸ்கோர் லீமா!"

லீமா என்றால் ஐந்து. ரத்தச் சோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம், மருந்தை இப்போதே ஏற்று என்றாள்.

அம்மா கண்ணைத் திறந்தாள்.

"இருக்கேன் கிராணி!"

விடியற்காலைப் பெரட்டில் தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர் கூப்பிடும்போது கொடுத்த அதே குரல். ஷங்கர் திரைப் பக்கம் திரும்பினான்.

"அந்த டாக்டரு எதுக்கு அம்மா பேரச் சொல்லுது?"

ரோகினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எலிக்காய்ச்சல்ண்ணே. ரத்த ரிசல்ட் வர்றதுக்குள்ள நம்ம தோட்டத்துல எத்தன பேரு போயிட்டாங்க? ஆளப் பாத்தே, காய்ச்சல், கண்ணு, கெண்டைக்காலுன்னு மார்க் குடுத்து கண்டுபுடிக்க நான் ஒரு கணக்கு போட்டேன். சின்ன தோட்டம், கொஞ்ச ஆளுன்னு மூனு எடத்துல கட்டுரைய திருப்பிட்டாங்க. நாலாவது எடத்துல போட்டாங்க. ரெண்டு வருசம் ஒருத்தரும் சீண்டல. அப்புறம் பிரேசில்ல செஞ்சு பாத்துட்டு சரின்னாங்க. அதுக்கப்புறம் பிலிப்பைன்ஸ், கேரளா..."

"அதுல அம்மா பேரு எப்படி?"

"நான் அப்பா பேரப் போடல. எல்லாக் கட்டுரையிலயும் ரோகினி பஞ்சாலைதான். வெளிநாட்டுக்காரங்க பின்னால உள்ள பேரத்தான் எடுத்துக்குவாங்க. இப்ப ரெண்டாயிரம் கட்டுரைக்கு மேல மேற்கோள் காட்டிட்டாங்கண்ணே. அம்மா பேர எளுதாம இந்தக் காய்ச்சலப் பத்தி எவனும் எளுத முடியாது."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'வேற நல்ல பேரே கெடைக்கலியா'ன்னு சிரிச்சிச்சு."

ஷங்கர் திரையைச் சரக்கென்று இழுத்தான்.

"டோக்டர்! இனிலா பஞ்சாலை! இதுதான்! எங்க அம்மா! எளுதுனது இதோ, என் தங்கச்சி!"

வார்டே திரும்பிப் பார்த்தது. "அண்ணே, சும்மா இருண்ணே," என்று ரோகினி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சும்மா இரு! இத்தன வருசம் சும்மா இருந்தது போதும்!"

டாக்டர் ரோகினியைப் பார்த்தாள். கட்டிலின் தலைமாட்டில் இருந்த பெயர் அட்டையைப் பார்த்தாள். யாரோ பழைய காலத்து விஞ்ஞானி என்றல்லவா நினைத்திருந்தேன் என்றாள். கிட்டே வந்து அம்மாவின் கையை இரண்டு கையாலும் பற்றி, பிறகு தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"தெரிமா காசே, மாக்சிக்," என்று நன்றி சொன்னாள்.

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மெலிஞ்சி கெடக்குது புள்ள," என்றாள் மகனிடம். "நேரத்துக்கு சாப்புடச் சொல்லு."

அன்று சாயங்காலம், இரண்டு பிள்ளைகளும் பக்கத்தில் இருக்க, மூச்சு நின்றது.

மம்பாவ் வீட்டில் துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் ஷங்கர் பஞ்சாலை ஸ்கோரைப் பற்றிச் சொன்னான். மேளக்காரரைக்கூட விடவில்லை. பிரேசில் எங்கே இருக்கிறது என்று கேட்ட பெரியவருக்குக் கையை நீட்டித் திசை காட்டினான். ரோகினி தடுக்கவில்லை.

போர்ட்டிக்சன் கடலில் சாம்பலைக் கரைத்துவிட்டுத் திரும்பும் வழியில், அம்மாவின் ஐசி அடையாள அட்டையை வாங்க இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

வார்டில் புஷ்பவள்ளி காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, போனில் புருசனைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கோளிய தொறந்து வுட்டியா இல்லியா? நான் ரெண்டு நாளு இல்லேன்னா வீட்ட நாசம் பண்ணிருவியா நீ?"

அவள் திட்டி முடிக்கும்வரை அண்ணனும் தங்கையும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.