திரைக்குக் கீழே தெரிந்த கால்கள்

ரப்பர் என்றுதான் ஊரே அவரைக் கூப்பிட்டது. முகம் முழுக்க வெள்ளைப் பூச்சோடு மேடையில் உடம்பை வளைத்தாரென்றால், பார்த்தவர்களுக்குச் சிரித்துச் சிரித்தே வயிறு புண்ணாகிவிடும். அவர் இறந்துபோன பிறகு, அவர் ஆடிய அரங்கிலேயே ஒரு நினைவுக் கூட்டம் போட்டார்கள். பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கும் மூத்த மகள் லீவு போட்டுவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அரங்கின் லைட்காரர் முதலில் பேசினார். "ஒரு நாள் திரை பாதியிலயே சிக்கிக்கிச்சு. முழங்காலுக்கு மேல ஒண்ணும் தெரியல. நம்ம ரப்பர் ஷூவக் கழட்டிப் போட்டுட்டு, ரெண்டு காலையும் வச்சே ஒரு புருஷன் பொண்டாட்டி சண்டைய நடத்திட்டாருங்க! இடது கால் கோவிச்சிட்டுப் போகுது, வலது கால் பின்னாடியே போய்க் கெஞ்சுது. திரையத் தூக்காதேன்னு ஜனம் கத்துது! அன்னிக்குத்தான் அவருக்கு ரெண்டாவது பொண்ணு பொறந்துது."

அரங்கமே கைதட்டியது. மகளுக்கு மட்டும் எங்கேயோ இடித்தது. தங்கை பிறந்த அன்று அப்பா கால் ஒடிந்து வீட்டில் கிடந்தார். மாவுக்கட்டின் மேல் இவள்தான் பூனை படம் வரைந்தாள்.

"அம்மா, அன்னிக்கு அப்பாவுக்குக் கால்ல கட்டு இல்ல?"

"ஆமா. மேடையேறுனது உன் சித்தப்பா."

சித்தப்பாவா? உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தவர். வாயைத் திறந்தாலே திக்குவார். நாலு பேர் கூடினால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார்.

அடுத்து டிக்கெட் கவுன்ட்டர் அம்மாள் எழுந்து, கூட்டத்தில் அழுத குழந்தையை ரப்பர் மேடைக்குத் தூக்கிவரச் சொல்லி, தாலாட்டுப் பாடித் தூங்கவைத்த கதையைச் சொன்னாள். குழந்தை அழுதாலே அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். பாட்டா? அவருக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம்.

"இதுவும் சித்தப்பாதானா?"

"யாரு கண்டா? பூச்சப் பூசிட்டா எனக்கே அடையாளம் தெரியாது."

மகள் எழுந்து, சித்தப்பா உட்கார்ந்திருந்த கடைசி வரிசைக்குப் போனாள். "சித்தப்பா, தாலாட்டுப் பாடுனது நீங்களா?"

"இ... இல்லம்மா. அ... அண்ணன்தான்."

"அப்பாவுக்குப் பாடவே வராதே?"

"மே... மேடையில வரும். எனக்கு மேடையில தி... திக்காது."

அதற்குள் மைக்கில் அவளைக் கூப்பிட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று சித்தப்பாவைப் பார்த்தாள். வேண்டாமென்று தலையாட்டினார்.

மைக் முன் போய் நின்றாள். "எங்கப்பாவப் பத்தி என்னைவிட உங்களுக்குத்தான் நிறையத் தெரிஞ்சிருக்கு. இன்னும் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, நேரே வந்து சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தபேலாக்காரர் இன்னொரு கதையை ஆரம்பித்தார். சிரிப்பு வரும் இடத்துக்கு அவர் வந்து சேருமுன்பே சித்தப்பா குலுங்கிச் சிரித்தார். செய்தவரின் சிரிப்பா, பார்த்தவரின் சிரிப்பா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.